முறையிட வந்தவளைத் திருப்பி அனுப்பலாமா?

திருக்குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்திற்கு ‘அல்முஜாதலா’ என்று பெயர். வாதிட்ட பெண் என்பது அதன் பொருள். கணவர் தம்மைத் தாயின் முதுகிற்கு ஒப்பிட்டு ஒதுக்கிவிட்டதைக் கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அம்முறையீட்டை அல்லாஹ் செவியுற்றான் என்ற செய்தியோடுதான் அவ்வத்தியாயமே தொடங்குகிறது. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை இதே அம்மையார் வழிமறித்துப் பேச, அவர்கள் நெடுநேரம் நின்று கேட்டதாக வரலாறு கூறும். ஆட்சித் தலைவரே தெருவில் நின்று கேட்டார்!

இன்று நம் பெண்மக்கள் பயிலும் பல்கலைக்கழகங்களில் கேட்பவர் யார்?

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி முதுகலை பயில்கிறாள். என்னிடம் ஓதிய பிள்ளை. வகுப்பில் ஓர் ஆசிரியர் அவளது முக்காட்டையும் மார்க்கத்தையும் பலமுறை ஏளனம் செய்திருக்கிறார். அவள் எழுதிக் கொடுத்த முறையீடு துறைத் தலைவரிடமே போய்ச் சேர்ந்தது. அவரோ அந்த ஆசிரியரின் நெருங்கிய நண்பர். “திரும்பப் பெற்றுக்கொள் அம்மா, உன் மதிப்பெண்தான் பாதிக்கும்” என்று அறிவுரை கூறி அனுப்பிவிட்டார். அவளுடைய வாப்பா என்னிடம் வந்து, “படித்தது போதும் ஹஜ்ரத், கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்” என்றார். ஏளனம் செய்தவர் வேலையில் இருப்பார். ஏளனத்திற்கு ஆளானவள் வீட்டில் இருப்பாள். இது என்ன நீதி?

விதிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வகுத்த சமத்துவ விதிகள், சாதியோடு மதம், மொழி, பால் ஆகியவற்றின் பெயரால் இழிவுபடுத்துவதையும் தடுத்தன. பாலியல் தொல்லை குறித்து 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் தந்தது. 2013இல் சட்டம் வந்தது. 2015இல் மானியக் குழு உயர்கல்வி நிலையங்களுக்கென்றே தனி விதிகள் இயற்றியது. அவ்விதிகளின்படி விசாரணைக் குழுவில் துணைவேந்தரோ பதிவாளரோ துறைத் தலைவரோ இடம்பெறலாகாது. வெளியார் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான வழக்காயின் மாணவப் பிரதிநிதிகளும் வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். எல்லாவற்றினும் எனக்குச் சிறப்பாகத் தோன்றுவது வேறொன்று. விசாரணை நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் அம்மாணவியின் தேர்வை மதிப்பிடாதவாறு தடுக்க இடமுண்டு. மதிப்பெண் அச்சம்தானே வாயை அடைக்கிறது! மார்க்கத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டோருக்கும் இக்காப்பைத் தவறாமல் அளித்தால் பாதி மாணவியர் துணிந்து பேசுவர்.

முறையீடு துறையின் வழியே செல்லவே கூடாது. பெற்றதற்குத் தேதியிட்ட ஒப்புகை தர வேண்டும். முடிவு எதுவாயினும் முறையிட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நானும் கலைக்கல்லூரியில் பயின்றவன். ஒப்புகையில்லாத கடிதம் அலுவலக மேசையில் எப்படிக் கரைந்துபோகும் என்பதை அறிவேன். “எங்களிடம் ஒரு முறையீடும் இல்லை” என்று சில கல்விக்கூடங்கள் பெருமை பேசுகின்றன. மருத்துவரே இல்லாத ஊரில் நோயாளிப் பதிவேடு வெறுமையாகத்தான் இருக்கும்.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அலீ (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நடுநிலையான குழுவைக் கண்டு குற்றமற்ற ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகள் வந்து சொல்லும்போது “நீ என்ன செய்தாய்?” என்று முதலில் கேட்காதீர்கள். நாள், இடம், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கச் செய்யுங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். 2015ஆம் ஆண்டு விதிகளின்கீழ் முறையிட மூன்று மாதமே கெடு என்பதால் வீட்டில் ஆலோசித்தே காலத்தைக் கழித்துவிடலாகாது.

அவளுடைய வாப்பா மனம் மாறினார், அல்ஹம்துலில்லாஹ். புதிய முறையீட்டைப் பதிவாளர் அலுவலகத்திலேயே கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்று வந்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. அவள் வகுப்பிற்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.