நீ பழத்தைப் பறி
ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் நான் ரைட்டராக இருந்தபோது, கோர்ட்டு, கேஸ் என்றால் ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். சம்மன் வந்தாலே ஜெயிலா? இல்லை, சொன்ன தேதிக்குப் போய் நின்றால் போதும். எஃப்.ஐ.ஆரில் பேர் இருந்தால் குற்றவாளியா? இல்லை, விசாரணையே அங்கேதான் ஆரம்பம். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்ததா? அன்றைக்கு வீடு திரும்பலாம். தண்டனை பெற்றவன் என்ற பேர் நிற்கும். இதெல்லாம் எனக்குச் சரியாகவே தெரியும். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

தோட்டத்தில் வேலை செய்த மலையாளிப் பழங்குடிக்காரர் ஒருவர்மேல் அடிதடி வழக்கு. வேலித் தகராறு, வழக்கம்போல 294 பி, 323 பிரிவுகள். சேலத்தில் வாய்தா. டிசம்பர் மாதம், பழம் முற்றி உதிர்கிற நேரம், ஆள் பஞ்சம் வேறு.

"போகலைன்னா ஏதும் ஆகுமாங்க ரைட்டரய்யா?"

"வக்கீல் 317 போட்டுக்குவார். நீ பழத்தைப் பறி."

317 என்பது அன்றைக்கு ஆஜராக முடியவில்லை என்று காரணம் சொல்லிப் போடும் மனு. (2024 ஜூலையில் சட்டம் மாறியபின் அது 355.) வக்கீலுக்கு யாராவது தகவல் சொன்னால்தானே அவர் போடுவார்? போன் என் மேசைமேல்தான் இருந்தது. சொல்லவில்லை. அடுத்த வாய்தாவுக்கும் அனுப்பவில்லை. பிடிவாரண்ட் ஆகிவிட்டதென்று ஏட்டு வந்து சொன்னார். ஆளைப் பிடிக்கும்வரை, அல்லது கோர்ட்டே ரத்து செய்யும்வரை அது உயிரோடு இருக்கும். அப்போதாவது கூட்டிக்கொண்டு போய், வாரண்டை ரத்து செய்யச் சொல்லி ரீகால் மனுப் போட்டிருக்கலாம். பறிப்பு முடியட்டும் என்றிருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் விடியற்காலையில் பிடித்துப் போனார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிமாண்ட். பண்டிகை முழுக்கச் சேலம் ஜெயிலில்.

அவர் மனைவி தோட்ட ஆபீசுக்கு வந்து நின்றார். பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத்தர 1987லேயே சட்டம் வந்துவிட்டது. சேலத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இப்போதென்றால் சட்ட உதவி எண் 15100க்குப் பேசினாலே போதும். ஆணைக்குழுவுக்கு அந்த அம்மாவை அனுப்பியிருக்கலாம். போனால் அங்கே, ஏன் வாய்தாவுக்கு வரவில்லை என்று கேட்பார்கள். என் பேர் வரும்.

"வாய்தாவை விட்டா இப்படித்தாம்மா ஆகும்" என்றேன்.

வெளியே வந்தபின் அவர் அந்த வக்கீலோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். 317 போடாமல் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார். என்னிடமும் சொன்னார். தலையாட்டினேன்.