இரண்டு விநாடி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்து, அதில் ஒன்றும் மண்டையில் ஏறாமல் கதை எழுத வந்தவன் நான். என் நாவல்களில் கதாநாயகன் காரில் ஏறினால், 'கார் பறந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவனை ஒரு கார் விவகாரத்தில் பஞ்சாயத்துச் செய்யக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

கூப்பிட்டவள் என் தங்கை. அவள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். 2022-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் நான் அங்கே போயிருந்தேன். போய் இறங்கிய அன்றே, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணா, நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். கராஜில் ஒரு காரைச் செய்து வைத்திருக்கிறார். அவர் ஓட்டிக்கொள்ளட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குழந்தையையும் அதில் ஏற்றிப் பந்தயத்தில் ஓட்டவைக்கப் போகிறாராம். பதினேழு வயது. பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறார். நான் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக அப்பாவும் பெண்ணும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை."

பஞ்சாயத்தில் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. வீட்டிலே செய்த முறுக்கு உண்டு. வீட்டிலே செய்த கார் உண்டோ?

உண்டு என்று மாப்பிள்ளை கராஜுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். சதுரமான இரும்புக் குழாய்களை அளந்து வெட்டி ஒட்டிய ஒரு கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு. விபத்தில் நசுங்கிப்போன ஒரு மாஸ்டா மியாட்டாவிலிருந்து எடுத்த 1.6 லிட்டர் என்ஜின். கதவு கிடையாது, கூரை கிடையாது. உட்கார்ந்தால் கையை வெளியே விட்டுத் தரையைத் தொட்டுவிடலாம் போலிருந்தது.

"இது என் மூளையில் உதித்ததல்ல, மச்சான்" என்று அவர் சரித்திரத்தைச் சொன்னார். 1948-இல் லண்டனில் காலின் சாப்மன் என்ற வாலிபர், தாம் மணக்கப்போகும் பெண்ணின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரை வைத்துக்கொண்டு தம் முதல் பந்தய வண்டியைச் செய்தார். பிற்பாடு அவரே லோட்டஸ் கம்பெனியின் அதிபரானார். 1957-இல் வந்த அவருடைய லோட்டஸ் செவன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கார். அப்படி வாங்கினால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் வரி மிச்சம். 1973-இல் அதைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்குப் போயிற்று. 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேயர், அதே மாதிரியில் ஒரு காரை 250 பவுன் செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுவதும் அதைப் படித்துவிட்டு எத்தனையோ குடும்பஸ்தர்கள் கராஜுக்குள் புகுந்துகொண்டார்கள். எழுத்தாளனால் குடும்பங்களில் இவ்வளவு குழப்பம் விளைவிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சாப்மனின் சூத்திரம் ஒன்றுதான்: பலத்தைக் கூட்டாதே, பாரத்தைக் குறை. மியாட்டா சுமார் 960 கிலோ. மாப்பிள்ளையின் வண்டி 570 கிலோ. அதே என்ஜின் சுமார் ஐந்தில் மூன்று பங்குச் சுமையைத்தான் இழுக்கிறது என்று சொல்லலாம். இளைத்தவன் மாடிப்படி ஏறுவதுபோல் அது கிளம்பும். கிளம்புவது மட்டுமல்ல, திரும்புவதும், நிற்பதும் அப்படியே.

மறுநாள் சனிக்கிழமை. பந்தயம் ஞாயிறு. வண்டிக்குச் 'சுருதி சேர்க்கும்' வேலை நடந்தது. நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு தராசு வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய், இருபது பவுண்டு அரிசிப் பைகள் எட்டைக் கொண்டுவந்து ஓட்டுபவரின் ஆசனத்தில் அடுக்கினார். அது அவருடைய எடைக்குப் பிரதிநிதி. இவ்வளவு லேசான வண்டியில் ஓட்டுகிறவரே பெரிய சாமான். அவர் இல்லாமல் எடை பார்த்தால் கணக்குப் பொய்யாகிவிடுமாம்.

முன் இடது சக்கரத்தின் எடையையும் பின் வலதின் எடையையும் கூட்டினால், மொத்தத்தில் சரிபாதி வரவேண்டும். வராவிட்டால் வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும்; மறுபக்கம் முரண்டு பிடிக்கும். ஒரு ஸ்பிரிங்கின் அடியிலுள்ள வளையத்தைச் சற்றே திருகி உயர்த்தினார். அந்த மூலையில் எடை கூடியது. அதோடு குறுக்கே எதிர்மூலையிலும் கூடியது. மற்ற இரண்டிலும் குறைந்தது. நொண்டி மேஜையின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். என் எழுத்து மேஜைக்கு நான் இருபது வருஷமாகச் செய்துவரும் காரியம் பௌதிகம் என்று அன்றுதான் அறிந்தேன்.

என் மருமகள் பக்கத்தில் நின்று எண்களை எழுதினாள். ஓரிடத்தில் வெல்டிங் மற்றதைவிடப் புதிதாக இருந்தது. "இதென்ன?" என்று கேட்டேன்.

"அப்பா மூணு தடவை வெட்டி மறுபடி ஒட்டினார், மாமா. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் ஓட்டப்போகிறேன் என்று சொன்னப்புறம்தான் அதை வெட்டினார்" என்றாள்.

மாப்பிள்ளை அதைக் கேட்காதவர்போல் டயரின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு பழைய விமானத் தளத்துக்குப் போனோம். கான்கிரீட் தரையைப் பார்த்ததும் எனக்குச் சோழவரம் ஞாபகம் வந்தது. யுத்த காலத்து விமான ஓடுபாதையில் அங்கே கார்ப் பந்தயம் நடந்ததைப் பெரியப்பா கதை கதையாகச் சொல்வார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தபின் சோழவரம் பழங்கதையாகிவிட்டது. ஆனால் பெரியப்பா சொன்ன கதையில் பல கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பறக்கும். இங்கே அப்படி இல்லை. 'ஆட்டோகிராஸ்' என்ற இந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவரும் கடிகாரத்தோடுதான் போட்டி போடுகிறார்கள். ரோடு வேலை நடக்கும் இடங்களில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, வளைந்து வளைந்து ஒரு பாதை. பாதை புதிது, முன்கூட்டி யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது, நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் இரண்டாவது கியர். ஊர் நெடுஞ்சாலையில் போகிற வேகத்துக்கு மேல் யாரும் போவதில்லை. சுவரோ மரமோ கிட்டத்தில் இல்லை. தலைக்கவசம் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. வண்டியைச் சோதித்துப் பார்த்த பிறகே ஓட்ட விடுகிறார்கள்.

இன்னொரு விசேஷம்: ஓட்டுகிறவர்களே முறை வைத்து வேலையும் செய்ய வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த நானும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டு, ஆள் குறைந்த ஒரு மூலையில் நின்றேன். கூம்பு விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் கோலம் போட்டதுபோல் ஒரு வெள்ளைக் கட்டம். கூம்பு விழுந்தால் ஓட்டியவருடைய நேரத்தில் இரண்டு விநாடி கூடும். நகர்ந்தாலும், அதன் அடி கட்டத்தை எங்கேயாவது தொட்டுக்கொண்டு நின்றால் மன்னிப்பு. முழுவதும் வெளியே போய்விட்டால் அதற்கும் இரண்டு விநாடி. இந்த ஆட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் ஜயிக்கிறார்கள். இரண்டு விநாடி என்பது ஒரு யுகம்.

மாப்பிள்ளை முதல் தடவை ஓட்டியபோது வண்டியின் மூக்கு திரும்ப மறுத்து வெளியே வெளியே ஓடிற்று. இறங்கி டயரைப் பார்த்தார். முன்னாலிருந்த கம்பியைச் சிறிது தளர்த்தினார். இரண்டாம் தடவை தேவலை. சாக்குக்கோடு ஓரத்தில் அழியாமல் இருந்ததால் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். மூன்றாம் தடவை இன்னும் நன்று. நாலாவது, கடைசி.

அந்த ஓட்டம் என் கண்ணிலேயே நிற்கிறது. வண்டி அவர் நினைத்த இடத்துக்கு, நினைத்த கணத்தில் வந்தது. என் மூலையைத் தாண்டும்போது பின் சக்கரம் ஒரு கூம்பை லேசாகத் தடவிற்று. கூம்பு விழவில்லை; குலுங்கிவிட்டு நின்றது. ஒலிபெருக்கியில் நேரம் சொன்னார்கள்: 47.9. அவருடைய பிரிவில் அன்று அதுதான் முதல். நாலு வருஷ உழைப்பில் அவர் முதல் ஸ்தானம் பெறுவது அதுவே முதல் தடவை.

நான் கூம்பின் அருகே போய்க் குனிந்தேன். அதன் அடி, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றது. ஒரு விரற்கடை. அவ்வளவுதான். மூலையில் இருந்த மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலால் லேசாகத் தள்ளினால் போதும். கூம்பை அதன் இடத்தில் வைப்பதுதானே என் வேலை?

கதையில் இந்த இடத்தில் கதாநாயகன் ஒரு பக்கம் யோசிப்பான். எனக்கு அவகாசம் இல்லை. அடுத்த வண்டி கிளம்பிவிட்டது. கையை உயர்த்தி, ஒரு விரலைக் காட்டினேன். ரேடியோ வைத்திருந்தவர் சொல்லிவிட்டார். 49.9. மாப்பிள்ளை மூன்றாம் இடத்துக்கு இறங்கினார்.

திரும்பும்போது அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளையே ஆரம்பித்தார்.

"பின் சக்கரத்தில் பட்டது எனக்குத் தெரிந்தது, மச்சான். நீங்கள் கையைத் தூக்குகிறீர்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்."

"தூக்கியது தப்பா, மாப்பிள்ளை?"

"தூக்காவிட்டால் நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். பெண் பக்கத்தில் நிற்கிறாள். அது இன்னும் கஷ்டம்" என்று சிரித்தார். சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

கூம்பு விவரம் என் மருமகளின் வாயிலாகத் தங்கைக்குப் போய்விட்டது. இரவு, சமையலறையில் அரிசிப் பைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்:

"சொந்த மாப்பிள்ளையையே விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியவில்லை உங்களால். அதனால் கேட்கிறேன். என்னைச் சமாதானப்படுத்த ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் பெண்ணாக இருந்தால் அதில் ஏற்றுவீர்களா?"

நான் தயாரித்து வைத்திருந்த தீர்ப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால், பதினெட்டு வயதாகிவிட்ட என் பெண் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வருஷம் ஒன்றாகிறது. பரீட்சை முடியட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். என் பயத்துக்கு நான் கொடுத்த பெயர் பொறுப்பு. மாப்பிள்ளைக்கும் பயம் உண்டு. அவர் அதைக்கொண்டு ஒரு வெல்டிங்கை மூன்று தடவை வெட்டி ஒட்டினார்.

"பயந்துகொண்டேதான் ஏற்றுவேன்" என்றேன். "ஆனால் ஏற்றுவேன்." வெல்டிங் சமாசாரத்தையும் சொன்னேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போடவும் இல்லை. "அடுத்த தடவை நானும் வருகிறேன். பார்த்துவிட்டுத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

நான் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் டெலிபோன் வந்தது. அன்று காலை விமானத் தளத்திலேயே கையெழுத்துப் போட்டாளாம். நான் நின்றதுபோல் ஒரு மூலையில் நின்றாளாம். பெண் முதல் ஓட்டத்தில் ஐந்து கூம்புகளைத் தள்ளியிருக்கிறாள். பத்து விநாடி அபராதம்.

"அதில் இரண்டு என் மூலையில், அண்ணா. நானே கையைத் தூக்கினேன்" என்றாள் தங்கை. குரலில் இருந்தது பெருமையா, நடுக்கமா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

டெலிபோனை வைத்ததும் என் பெண்ணைக் கூப்பிட்டேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. "நின்றதும் ஆரம்பிக்கலாம்" என்றேன். இந்தத் தடவை நின்றதும் ஆரம்பித்தோம்.