இரண்டு அங்குலத்தில் ஒரு தம்பி

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியில், ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரைப் பட்டணத்தில், முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்துப் போர்முனைக்குக் கப்பலேறச் சிப்பாய்கள் அணியணியாக இறங்கிச் சென்ற அந்தச் சரிவுப் பாதைக்குச் சமீபத்தில், ஒரு முதியவர் தம் வீட்டுப் பின்கட்டு அறையில் அமர்ந்து, சுண்டுவிரல் உயரமே உள்ள சிப்பாய்களை நாற்பது வருஷங்களாக உருவாக்கி வருகிறார். ஊர் முகப்பிலுள்ள லீஸ் கிளிஃப் மண்டபத்தில் ‘யூரோ மிலிடேர்’ என்ற கண்காட்சி ஆண்டுதோறும் நடைபெற்ற காலத்தில், ஐரோப்பா முழுவதிலிருந்தும் இத்தகைய பதுமைக் கலைஞர்கள் அங்கே வந்து கூடியதுண்டு. அவருக்கும் எனக்கும் பொதுவான நண்பர் ஒருவர், “இந்த வருஷம் அவர் மதராஸ் சாப்பர் என்னும் நம் இன்ஜினியர் படை வீரர் ஒருவரைச் செய்துகொண்டிருக்கிறார், நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருந்ததே என் பிரயாணத்துக்குக் காரணம்.

இந்தப் பதுமைகளுக்கென்று பிரமாணங்கள் உண்டு. 1893-இல் வில்லியம் பிரிட்டன் என்ற ஆங்கிலேயரின் தொழிற்சாலை, உள்ளே கூடாக இருக்கும்படி ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியபோது கையாண்ட 54 மில்லிமீட்டர் உயரம் வெகுகாலம் வழக்கில் இருந்தது. பிறகு ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்துத் தமியா நிறுவனம், 1961-இல் பாந்தர் என்ற ஜெர்மானிய டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்தபோது, மோட்டாரும் மின்கலங்களும் அதன் வயிற்றில் அடங்க வேண்டுமே என்ற சௌகரியத்தை உத்தேசித்து அமைத்த முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவே, இன்று உலகெங்கும் போர் வண்டிகளுக்கும், அவற்றின் அருகே நிற்கும் மனிதர்களுக்கும் நியதியாகிவிட்டது. அந்தக் கணக்கில் ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் 48 மில்லிமீட்டர். அவன் தலை ஒரு மிளகைவிடச் சற்றே பெரிது. சட்டைப் பொத்தானோ அரை மில்லிமீட்டர்.

நான் போன காலையில் அவர் செம்புக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். முதுகெலும்பு, தோள், இடுப்பு, கால்கள் என்று கம்பியாலேயே ஓர் எலும்புக்கூடு எழுந்தது. அதை மேஜையில் நிறுத்தி, ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். தொண்டைக் குழியிலிருந்து இறங்கும் நூல், உடலின் பாரம் தாங்கும் பாதத்தில் போய் விழ வேண்டும். விழாவிட்டால் எவ்வளவு அழகாக உடை உடுத்தினாலும் அந்த மனிதன் நிற்கமாட்டான், சாய்வான் என்றார். திரிபங்கமாக நிற்கும் நம் செப்புத் திருமேனிகளின் லட்சணத்தை வகுத்த ஸ்தபதிகளும் இதே சூட்சுமத்தைக் கொண்டே வேலை செய்தார்கள் என்று நான் சொன்னதும், அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

பொருள் ஒன்றும் அபூர்வமானதன்று. நம் வீடுகளில் குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீல் எந்த இனமோ அதே இனம்தான். மஞ்சளும் நீலமுமாக இரண்டு பட்டைகள், சேர்த்துப் பிசைந்தால் பச்சை நிறமாகிவிடும். பிசைந்தபின் ஒன்றரை மணி நேரம் வரையில் கைக்கு இணங்கும். பிறகு இறுகிக் கல்லாகும். முதலில் துணியில்லாத உடலைச் செய்து இறுகவிட்டு, அதன்மேல் கால்சட்டை, அது இறுகியபின் சட்டை, அதன்பின் தோல் மேலங்கி என்று, மனிதன் எந்த வரிசையில் உடுத்துவானோ அந்த வரிசையிலேயே இவரும் உடுத்துகிறார். கருவிகள் பல் வைத்தியரிடமிருந்து வந்த சில கொக்கிகளும், மரப்பிடியில் செருகிய தையல் ஊசிகளும். அவை ஒட்டாதிருக்க அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்கிறார்.

துணியின் மடிப்பைப் பற்றி அவர் சொன்னவற்றை நான் மறக்கமாட்டேன். மடிப்பு என்பது அலங்காரமன்று. உள்ளே இருக்கும் உடல் வெளியே எழுதுகிற எழுத்து. அக்குள், முழங்கை, கவடு, முழங்கால் என்னும் இடங்களில் துணி இழுபடுகிறது. அங்கிருந்தே ஒவ்வொரு மடிப்பும் புறப்பட வேண்டும். கம்பளித் துணி தடித்து உருண்டு மடியும்; காக்கி டிரில் கூர்மையாக முறியும். இத்தாலியில் பிப்ரவரிக் குளிரில் நிற்கும் சிப்பாய்க்குப் பாலைவனத்துக் காக்கியின் மடிப்பைக் கொடுத்தால், தெரிந்தவன் கண்ணுக்கு அது இலக்கணப் பிழை. இப்படிச் சொல்லிக்கொண்டே, இடது முழங்காலின் பின்புறத்தில் ஊசி முனையால் மூன்று கோடுகளை அழுத்தினார். உயிரற்ற பச்சைக் குழம்புக்குள் ஒரு கால் மடங்கியிருப்பது அக்கணமே எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

இத்தாலி என்றது காரணத்தோடுதான். 1780-இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்கள் படையில், வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைப்பது இன்றும் வழக்கம். அப்படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலியில் மின்யானோ என்ற இடத்துக்கு அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன ஒன்றின்மீது தாமே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. முதியவர் அந்த வரலாற்றைப் படித்தே இந்த வேலையில் இறங்கியிருக்கிறார். எனினும் மேஜைமேல் இருந்தது சுபேதாரின் உருவமன்று. அவர் படையில் கண்ணிவெடி காணும் கருவியை ஏந்திய ஒரு சாதாரணத் தம்பி. “முகத்தை நானாகக் கற்பித்து அந்தப் பெரிய பெயரைச் சூட்டினால் அது பொய்யாகிவிடும், ஐயா” என்றார்.

அந்தக் கருவி, போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வகுத்தது. 1942-இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. எடை சுமார் 14 கிலோ. நீண்ட கழியின் நுனியில் தட்டு, காதில் ஒலி கேட்கும் கருவி. முதலில் பதுமையின் கண்கள் தரையைப் பார்ப்பதாகத் தலையைக் குனிய வைத்திருந்தார். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தபின், இவன் பார்க்கிறவன் அல்லன், கேட்கிறவன் என்பது அவருக்கு உறைத்தது. உடனே மெல்லிய ரம்பத்தால் கழுத்தை அறுத்து, தலையை இம்மியளவு நிமிர்த்தி, ஒருபுறம் சாய்த்து, மறுபடி பொருத்தினார். பழைய நிலையின் புகைப்படத்தையும் புதிய உருவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அந்த இம்மியளவில்தான் ஒரு மனிதனின் உயிர்ப்பயமும் சிரத்தையும் அடங்கியிருந்தன.

முகத்துக்காக என்னை ஜன்னலோரம் திரும்பி உட்காரச் சொன்னார். கன்னத்தெலும்பையும் மூக்கின் அடியையும் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். ஐரோப்பியத் தலையை எடுத்து மாநிறம் பூசிவிட்டு இந்தியன் என்று விற்கும் வழக்கத்தின்மீது அவருக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். வர்ணம் தீட்டுபவர் அவருடைய மனைவி. கறுத்த தோலுக்குப் பழுப்பு மட்டும் போதாது, நிழலில் செம்மையும் ஒளிபடும் மேட்டில் லேசான ஊதாவும் வேண்டும் என்றும், கண்வெள்ளைக்குத் தூய வெள்ளை வைத்தால் முகம் மிரண்டுபோகும் என்றும் அந்த அம்மையார் விளக்கினார். மூல உருவத்தைப் பல பிரதிகளாக்கி விற்பதற்குச் சிலிக்கோன் அச்செடுப்பதும் ரெசின் வார்ப்பதும் வேறொருவர் பொறுப்பு.

இந்தப் பதுமைச் சந்தையில் ஜெர்மானியச் சிப்பாய்கள் எண்ணற்றவர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இந்திய ராணுவத்தில் இருந்த சுமார் 25 லட்சம் பேரின் உருவங்களோ மிகச் சில. காரணம் கேட்டேன். ஆதாரம் இல்லை என்றார்: தம்பிகளின் தோள்பட்டை, பை, காலணி, முகம் இவற்றைத் தெளிவாகக் காட்டும் படங்கள் அவருக்குக் கிடைப்பதில்லை. நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில், பட்டாளத்துக்குப் போன பாட்டனாரின் படம் இருக்கக்கூடும். இருந்தால், வாசகர்களே, கறை படிந்தது என்று எறிந்துவிடாதீர்கள். பெயர், ஊர், படைப்பிரிவு, வருஷம் ஆகியவற்றைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.