அப்பா ஹாலுக்கு வர ஒரு சப்வூஃபர்

கம்பம் பள்ளத்தாக்கில் இளையராஜா பாட்டு ஒலிக்காத வீடு இருக்காது. அவர் பிறந்த பண்ணைப்புரம் எங்கள் உத்தமபாளையம் வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப வருடங்களாக அவர் பாட்டை முழுசாகக் கேட்டதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

என் அப்பா சின்னமனூரில் ரேடியோ செட் வைத்திருந்தவர். காதுகுத்து, கல்யாணம், ஊர்ப் பொங்கல் எதுவாக இருந்தாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் முதல் ஆளாகப் போய் மரத்தில் ஏறும். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் அவர் வீட்டில் தூங்குவதே அபூர்வம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு எந்த விசேஷமாக இருந்தாலும் ராஜா பாட்டுதான். முதலில் இசைத்தட்டு, அப்புறம் கேசட்.

அந்தக் குழாயில் பாடகர் குரல் நாலு தெரு தாண்டிக் கணீரென்று கேட்கும். புல்லாங்குழல் கேட்கும், வயலின் கேட்கும். பாட்டுக்கு அடியில் ஓடுகிற பேஸ் கிடார் மட்டும் வராது. அப்பா மீது தப்பில்லை. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை சுமார் 27 அடி நீளம். அவ்வளவு நீள அலையை அந்தச் சின்னக் குழாயால் வெளியே தள்ள முடியாது. சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகள்தான் அதில் சரியாக வரும். கீழ் சுரத்தோடு சேர்ந்து வரும் மேற்சுரங்களை வைத்து, இல்லாத கீழ் சுரத்தை நம் மூளை ஓரளவு ஊகித்துக்கொள்ளும். எங்கள் பள்ளத்தாக்கு அப்படி ஊகித்துத்தான் பல வருடம் பாட்டுக் கேட்டது.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். அலை நீளம், நிலை அலை எல்லாம் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் வீட்டு ஹாலில் யோசிக்க வைத்தது போன தீபாவளி. "டிவிக்கு ஒரு சப்வூஃபர் வாங்கணும்" என்று இவரும் பையனும் சேர்ந்து கொடி பிடித்தார்கள்.

எனக்கு அப்பாவைப் பற்றித்தான் கவலை. அவருக்கு 74 வயது. எங்களோடு இருக்கிறார். காது மந்தமாகி, காது மெஷின் போட்டிருக்கிறார். பரிசோதித்த டாக்டர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். வயதானால் முதலில் குறைவது கூர்மையான, உயர்ந்த ஒலிகள்தானாம். ச, ஸ, த மாதிரி எழுத்துகளுக்குத் தெளிவு கொடுப்பவை அவைதான். தாழ்ந்த ஒலிகள் அப்பாவுக்கு இன்னும் நன்றாகவே கேட்கின்றன. அதனால் படத்தில் இடி கேட்கும், லாரிச் சத்தம் கேட்கும், யார் என்ன பேசினார்கள் என்பது மட்டும் புரியாது. "என்ன சொன்னான்?" என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை, "நீங்க பாருங்க பாப்பா" என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

இந்த நிலையில் வீட்டுக்குள் இன்னொரு இடிச் சத்தமா? தாழ்ந்த ஒலி பலமாக வந்தால் அது மேலே உள்ள ஒலிகளை மூடிவிடும். நல்ல காது உள்ளவர்களுக்கே அப்படித்தான். அப்பாவுக்கு மிச்சமிருக்கிற வசனமும் போய்விடும். அதனால் நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பெட்டி வந்த பிறகு அப்பா எங்களோடு உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். அவர் திண்ணைக்குப் போனால், பெட்டி கடைக்குப் போகும்.

தேனியில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெரிய பெட்டியில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. "மேடம், 5,000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்றான் பெருமையாக. அந்தப் பெட்டிக்கு 5 ஆம்பியர் பிளக். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,150 வாட்தான் வருகிறது. அதற்கு மேல் அந்த பிளக் வழியாகத் தொடர்ந்து எடுக்கவே முடியாது. பிஎம்பிஓ என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு வரக்கூடிய உச்சம் என்று சொல்லி, அவரவர் இஷ்டத்துக்குப் போடுகிற கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' எத்தனை வாட் என்றுதான். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அது.

அடுத்து, பெட்டியின் அளவு. ஒலிபெருக்கி செய்கிறவர்கள் 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று ஒன்று சொல்வார்கள். சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, பெரிய சத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை விட வேண்டும். பெட்டி சின்னதானால் உள்ளே இருக்கிற காற்று ஸ்பிரிங் மாதிரி இறுகிக்கொள்ளும். அதைத் தள்ளி ஆழமான ஒலியை எழுப்ப அதிக சக்தி வேண்டும், அப்படியும் சத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. நாங்கள் பெரிய சத்தத்தை விட்டுக்கொடுத்தோம். எங்கள் ஹால் 14-க்கு 10 அடி. கல்யாண மண்டபம் இல்லையே!

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு வீடுகளில் பலகையும் ஜிப்சமும் வைத்த சுவர்கள் அதிகம். தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கு அவை வழியே கசிந்துவிடும். நம் வீடு செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. ஒலி திரும்பித் திரும்பி அறைக்குள்ளேயே சுற்றும். அதனால் அங்கே எழுதப்படும் சிபாரிசுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் 10 அடி, 12 அடி ஹாலுக்கு 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள குட்டிப் பெட்டி தாராளம்.

துளை வைத்த பெட்டியா, மூடிய பெட்டியா என்று அடுத்த கேள்வி. அதே அளவில் துளை வைத்தது இன்னும் கொஞ்சம் பலமாக ஒலிக்கும். ஆனால் அதன் எல்லைக்குக் கீழே போனால் ஒலி சட்டென்று விழுந்துவிடும். மூடிய பெட்டியில் மெதுவாகக் குறையும். சின்ன அறை தாழ்ந்த ஒலிக்குத் தானே கொஞ்சம் கை கொடுப்பதால், அந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது. போதாததற்கு எங்கள் வீட்டில் பல்லி ஜாஸ்தி. துளைக்குள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்த இடம் கொடுப்பானேன்? 8 அங்குலத்தில் மூடிய பெட்டியாக வாங்கினோம். ஒரு சின்ன ஸ்டூல் உயரம்தான் இருக்கும்.

கடையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர், டிவிக்குப் பக்கத்து மூலையில் அதை வைத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி படம் போட்டால் 'தொம் தொம்' என்று ஒரே மாதிரி சத்தம். சாமி படங்கள் சுவரில் தாளம் போட்டன. பத்தாவது நிமிடம் அப்பா திண்ணையில் இருந்தார்.

தையல் டேப்பை எடுத்து ஹாலை அளந்தேன். அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பும்போது, குறிப்பிட்ட ஓர் அதிர்வில் மட்டும் அது தன் மேலேயே ஏறி வீங்கிக்கொள்ளும். 10 அடி இடைவெளிக்கு அது சுமார் 57 ஹெர்ட்ஸ். 14 அடிக்கு சுமார் 40. எங்கள் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57-ல் இரட்டை வீக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள அறை என்றால் மூன்று மடங்கு தலைவலி. மூலை என்பது இந்த வீக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிற இடம். சத்தம் அதிகம் வரும் என்று பெட்டியை மூலையில் வைக்கிறார்கள். வருவது பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு சுரங்களின் சத்தம்தான்.

சரி, வேறெங்கே வைப்பது? வழி சொன்னது அப்பா.

"ஒரு எடத்துல உக்காந்துக்கிட்டுக் கேட்டா தெரியாது பாப்பா. நடந்து பாக்கணும்" என்றார். குழாய் கட்டிய பிறகு அவர் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்மாய்க்கரை வரை நடப்பார். எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பார்த்துவிட்டு வந்து குழாயை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி வைப்பார்.

குழாயை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது முக்கியம். சப்வூஃபருக்குத் திசை பெரிதில்லை, இடம்தான் முக்கியம். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றி வைத்தாலும் விளைவு ஒன்றுதான் என்பது இயற்பியல். அதனால் பெட்டியைத் தூக்கி அப்பா உட்காரும் நாற்காலியிலேயே வைத்தோம். பேஸ் கிடார் ஏறி இறங்கி ஓடும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டோம். பெட்டி தரையில் இருக்கப்போவதால் காதும் தரையோரம் இருக்க வேண்டும். பையன் சுவரோரமாகத் தவழ்ந்தான். அப்பாவும் விடவில்லை. தன் குட்டை முக்காலியை இரண்டடிக்கு ஒரு தரம் நகர்த்திப் போட்டு, குனிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் காதில் குறைந்திருப்பது உயர்ந்த ஒலிதான். இந்த வேலைக்கு வேண்டிய தாழ்ந்த ஒலியில் அவர் காது இன்னும் தொழில்காரர் காது. "இங்கன ஒரே சுரந்தான் கத்துது." "இங்கன ஒண்ணுமே இல்ல." நீளச் சுவரில் என் தையல் மெஷின் இருந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "இந்தா, இங்கன எல்லாச் சுரமும் சமமா வருது. இதுல வையி." அளந்து பார்த்தேன். டிவிச் சுவரிலிருந்து நாலரை அடி. மூலையும் இல்லை, சுவரின் நடுவும் இல்லை. தையல் மெஷின் உள்ளறைக்குப் போனது. பின் சுவரை ஒட்டியிருந்த அப்பாவின் நாற்காலி ஒன்றரை அடி முன்னால் வந்தது. சுவரை ஒட்டினாலும் தாழ்ந்த ஒலி வீங்கும் என்பதால்தான்.

மீதி வேலை திருகுகளில். குரலை மற்ற ஸ்பீக்கர்களுக்கும், அடி ஒலியை மட்டும் சப்வூஃபருக்கும் பிரிக்கும் 'கிராஸ்ஓவர்' அளவை 80 ஹெர்ட்ஸில் வைத்தோம். ஆண் குரலின் அடிச்சுரம் பொதுவாக அதற்கு மேலேதான் தொடங்கும். கிராஸ்ஓவரை 150-ல் வைத்தால் குரலும் பெட்டிக்குள் போய்க் குழறும். 80-க்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரும்பாலும் தெரியாது, அதனால் பெட்டி ஓரத்தில் இருப்பதே தோன்றாது. 'ஃபேஸ்' என்று 0, 180 என இரண்டு நிலை உள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டு, எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். வால்யூமுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பெட்டி ஓடும்போது அது இருப்பதே தெரியக் கூடாது, அணைத்தால் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும்.

மாடியில் கைக்குழந்தையோடு குடியிருப்பவர்களையும் மறக்கவில்லை. தாழ்ந்த ஒலி சுவர், தளம் வழியாக ஏறும். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டதில் தரை அதிர்வு குறைந்தது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான். போனில் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்த அளவுமுறை தாழ்ந்த ஒலியைக் குறைத்துத்தான் காட்டும். மாடிக்குப் போய், "சத்தம் வருதா?" என்று கேட்பதுதான் சரியான மீட்டர். "முன்னாடி தொட்டில் ஆடுச்சு அக்கா, இப்ப இல்ல" என்றாள் அந்தப் பெண்.

வசனம் எல்லாம் அப்பாவுக்கு இப்போது புரிகிறது என்று சொல்ல மாட்டேன். பெட்டி, காதுக்கு மருந்து இல்லை. ஆனால் 'தொம் தொம்' போனதும் முன்பு புரிந்த அளவு வசனம் திரும்ப வந்திருக்கிறது. டிவியில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதியையும் போட்டுவிட்டோம். "என்ன சொன்னான்?" இன்னும் உண்டு. பேரன் பதில் சொல்கிறான். படம் முடியும் வரை அவர் ஹாலில் இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய பாட்டைப் போட்டேன். எத்தனையோ கல்யாணத்துக்கு அவரே குழாயில் போட்ட பாட்டு. பாதியில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "மொதல்ல இருந்து போடு பாப்பா. அடியில ஒரு கிடாரு தனியா ஒரு பாட்டுப் பாடிட்டுப் போகுது, கேட்டியா? இத்தன வருசம் நான் போட்ட பாட்டுலயா இது இருந்துச்சு?"

நீங்களும் வாங்குவதாக இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் ஒரு டேப்பை எடுத்து ஹாலை அளந்துவிடுங்கள். வாங்கி வந்ததும், வீட்டிலேயே வயதானவர் யாரோ அவரை நாற்காலியோடு கூப்பிட்டு, இடத்தை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.