வாவிக்கரையின் பூச்சிக் காலங்கள்

சித்திரை

மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு மாலையில் வருகிறவர்களின் கண் வாவியில்தான் இருக்கும். கரையோரப் பூவரசை நின்று பார்ப்பவர் குறைவு. காலையில் மஞ்சளாக விரிந்த பூ, பொழுதுசாயச் செம்மை ஏறி, மறுநாள் உதிர்ந்துவிடுகிறது. அடியில் விழுந்த காய்களைச் செந்நிறப் பருத்திப் பூச்சிகள் மொய்க்கின்றன. விதையின் சாறுதான் அவற்றுக்கு உணவு. பின்புறம் ஒட்டிய இணைகளில் ஒன்று முன்னே போக, மற்றது பின்னோக்கி நடந்தபடியே இழுபடுகிறது.

ஆனி

கச்சான் காற்று. மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெக்கையை மட்டும் கொண்டுவருகிறது. புல் கருகிவிட்டது. வேலியோர எருக்கு மட்டும் பச்சை மாறவில்லை.

அதன் இலையில் வெந்தய வரியனின் புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள். முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள். உடனே தின்னத் தொடங்குவதில்லை. முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுகிறது. பால் வரத்து குறைந்த பிறகே, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதியை மேய்கிறது. அப்படியும் உடலில் சேரும் எருக்கின் நஞ்சு, வண்ணத்துப்பூச்சியான பின்னும் பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது.

துப்புரவு என்றதும் முதலில் பிடுங்கப்படுவது எருக்குத்தான். பூச்செடிகளை வரிசையாக நட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சியை எதிர்பார்ப்பது பாதி வேலை. தேனுக்குப் பூ வேண்டும், முட்டையிட எருக்கு வேண்டும்.

புரட்டாசி

மாமரத்தில் முசுறு கூடு கட்டுகிறது. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடிக்கின்றன. இன்னொருத்தி தன் கூட்டத்தின் புழுவொன்றை வாயில் கவ்வி வந்து, இந்த விளிம்பில் ஒருமுறை, அந்த விளிம்பில் ஒருமுறை தொடவைக்கிறாள். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இலைகளைத் தைத்துவிடுகிறது. வளர்ந்த எறும்புகளால் இழை விட முடியாது. தையலுக்குப் பிள்ளைகள்தான் வேண்டும்.

ஐப்பசி

மழைக்கு முன்னால் தும்பி வந்துவிட்டது. புல்வெளிக்கு மேலே, இறங்கி உட்காராமல், பொன்மஞ்சள் உடலோடு கூட்டமாகச் சுற்றுகிறது. இதே இனம் ஒக்டோபர் வாக்கில் மாலைதீவிலும் பெருந்திரளாக வந்து சேரும். அந்தத் தீவுகளில் அது பெருகுவதற்கேற்ற நன்னீர் மிகக் குறைவு. பிறகு ஏன் அங்கே வருகிறது? அங்கே வாழ்ந்த உயிரியலாளர் சாள்ஸ் அண்டர்சன் இதைப் பல ஆண்டுகள் குறித்துவைத்து, 2009இல் தன் முடிவை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகும் வழியில் அவை அங்கே இறங்குகின்றன என்பதே அது. மழைமேகத்தைக் கொண்டுவரும் காற்றே அவற்றையும் சுமக்கிறது. மட்டக்களப்பாருக்குத் தும்பி மழைக்குறி. அண்டர்சன் கண்ட காரணமும் அதே காற்றுத்தான்.

மார்கழி

ஆண்டு மழையில் பெரும்பங்கும் ஐப்பசியிலிருந்து தைக்குள் இங்கே கொட்டித் தீர்ந்துவிடும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி தென்னைகளை அடியோடு சாய்த்ததும் இந்தப் பருவத்தில்தான். இப்போது தாழ்ந்த இடமெங்கும் நீர் தேங்கி நிற்கிறது. தும்பி முட்டையிடுவது இத்தகைய தற்காலிகக் குட்டைகளில்தான். குட்டை வற்றுமுன், சில வாரங்களிலேயே, குஞ்சு வளர்ந்து முடிய வேண்டும். அதற்குள் அது தின்பவற்றில் நுளம்புக் குடம்பிகளும் உண்டு. டெங்கு பெருகும் மாதங்களில் இது சிறிய உதவியல்ல. போத்தல், சிரட்டை, டயர் எல்லாவற்றையும் அகற்றத்தான் வேண்டும். குட்டையோரக் கோரையை மட்டும் தை முடியும்வரை வெட்டாமல் விடலாம். குஞ்சு நீரைவிட்டு ஏறித் தோலுரிக்க அந்தத் தண்டுதான் தேவை.