ஆஃபா, ஃப்ரமா?

2002இல் காட்டுப்பாக்கத்து ஹார்டுவேர் கடை அண்ணாச்சிக்காக நான் நடத்திய செக் வழக்கில் பணத்தைப் பற்றித் தகராறே இல்லை. கம்பியும் சிமென்டும் எடுத்ததைக் கட்டட கான்ட்ராக்டர் மறுக்கவில்லை, கையெழுத்தும் அவருடையதுதான். அவருடைய வக்கீல் பிடித்துக்கொண்டது இரண்டே எழுத்துள்ள ஓர் ஆங்கில இடைச்சொல்லை.

போரூரைத் தாண்டிப் பூந்தமல்லிப் பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கடனுக்குச் சரக்கு, ஈடாக ஒரு செக் என்றுதான் வியாபாரம் ஓடியது. செக் திரும்பியதும் நோட்டீஸ் அனுப்பினோம். ஒப்புகை அட்டையில் கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட தேதி மார்ச் 8.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவுப்படி, நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள் அவகாசம். மார்ச் 9 முதல் 23 வரை. 24ஆம் தேதி ‘காஸ் ஆஃப் ஆக்‌ஷன்’, அதாவது வழக்கு மூலம், பிறக்கிறது. 142ஆவது பிரிவு அதற்குமேல் ஒரு மாதம் தருகிறது. அண்ணாச்சி பில் கட்டோடு என்னிடம் வந்ததே ஏப்ரல் 23 சாயங்காலம். மறுநாள் பூந்தமல்லி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 2003 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைய நிலையில் ஒரு நாள் பிந்தினால் வழக்கு போச்சு.

பிந்திவிட்டது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வாதம் சாமர்த்தியமானது. 1897ஆம் ஆண்டு பொது ஷரத்துகள் சட்டத்தின் 9ஆவது பிரிவு, சட்டத்தில் ‘ஃப்ரம்’ என்று எழுதியிருந்தால் முதல் நாளைத் தள்ளிவிட்டு எண்ணச் சொல்கிறது. 138ஆவது பிரிவில், செக்கை வங்கியில் போடும் ஆறு மாதத்துக்கு ‘ஃப்ரம்’ இருக்கிறது. 142இலோ ‘ஆஃப்’. ஒரே அத்தியாயத்தில் இரண்டு சொற்களைப் போட்டவர்கள் காரணத்தோடுதானே போட்டிருப்பார்கள்? ஆகவே மார்ச் 24ஐயும் சேர்த்து எண்ண வேண்டும். மாதம் ஏப்ரல் 23இல் முடிந்தது.

“வக்கீல் சார், நான் கொடுத்த கம்பிக்கு இங்கிலீஷ் தெரியுமா?” என்று வராந்தாவில் அண்ணாச்சி கொதித்தார்.

எங்களுக்குக் கைகொடுத்தது 1999இல் உச்ச நீதிமன்றம் சாக்கேத் இந்தியா வழக்கில் சொன்ன தீர்ப்பு. அங்கே நோட்டீஸ் கிடைத்தது 1995 செப்டம்பர் 29; 15 நாள் முடிந்தது அக்டோபர் 14; வழக்கு மூலம் 15ஆம் தேதி; புகார் நவம்பர் 15. எங்கள் கணக்கின் அச்சு அசல். ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ வேறுபாட்டை வைத்து நாளைக் குறைக்க முடியாது, புகார் காலத்துக்குள்தான் என்றது நீதிமன்றம். எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் அதே உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த எஸ்.ஐ.எல். இம்போர்ட் தீர்ப்பை நீட்டியது: வழக்கு மூலம் பிறக்கும்போதே காலமும் ஓடத் தொடங்கிவிடும் என்று அதில் இருந்தது.

இலக்கணத்தைவிட நியாயத்தையே நான் அதிகம் பேசினேன். நோட்டீஸ் மாலை நாலு மணிக்குக் கிடைத்தால், அந்த நாளில் அவருக்கு மிச்சம் என்ன? துண்டு நாளை முழு நாளாக எண்ணினால், அவகாசம் பெற்றவருக்கு அது குறைகிறது. முதல் நாளைத் தள்ளும் விதி கான்ட்ராக்டரையும் காப்பாற்றுகிறது. அவருக்கு 15 நாளும் முழுசாகக் கிடைத்தது அதனால்தான். ஒரு சம்பவம் நடந்த நாளைத் தள்ளி எண்ணும் வழக்கத்துக்கு இங்கிலாந்தில் 1808ஆம் ஆண்டு லெஸ்டர் எதிர் கார்லண்ட் வழக்கே ஆதாரம். என்னைக் கேட்டால், சட்டம் வரைந்தவர் இரண்டு சொற்களையும் யோசிக்காமல் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் சாக்கேத்தைப் பின்பற்றி ஆட்சேபணையைத் தள்ளினார். அதன்பின் கான்ட்ராக்டர் தவணையில் பணம் கட்டி, சமாதானமாக முடித்துக்கொண்டார்.

இரண்டு தீர்ப்புகளின் முரண்பாடு மட்டும் நாடு முழுக்க வக்கீல்களுக்குச் சோறு போட்டது. 2013 ஆகஸ்ட் 26இல்தான், தலைமை நீதிபதி பி. சதாசிவம் இருந்த மூன்று நீதிபதிகள் அமர்வு, ஈகான் ஆன்ட்ரி வழக்கில் சாக்கேத்தே சரி, எஸ்.ஐ.எல். இம்போர்ட் சரியல்ல என்று முடித்து வைத்தது.

செக் திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், பில் கட்டோடு வக்கீலிடம் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.