தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு அடைக்கோழி

நாமக்கல் என்றதும் ஆஞ்சநேயர், லாரி, முட்டை மூன்றும் ஞாபகத்துக்கு வரும். இதில் முட்டை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தினமும் கோடிக்கணக்கில் இங்கிருந்து லாரி ஏறும் வெள்ளை முட்டைகளை அடை வைத்தால் 21 நாள் இல்லை, 21 மாதம் ஆனாலும் குஞ்சு வராது. பண்ணைக் கூண்டில் சேவலே கிடையாதே, கரு எங்கிருந்து வரும்?

நாட்டுக்கோழி கதை வேறு. ராசிபுரம், பரமத்தி, ஆத்தூர் பக்கம் தோட்டத்து வீடுகளில் சேவலோடு திரியும் சிறுவிடை, பெருவிடைக் கோழிகள் இடுவது கருமுட்டை. சிக்கல் என்னவென்றால், ஒரு கோழி அவயத்துக்கு உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் அணைக்காது. உட்கார்ந்த நாளிலும், பிறகு குஞ்சுகளோடு திரியும் நாளிலும் அடுத்த முட்டை கிடையாது. அந்த வேலையை ஒரு பெட்டி செய்துவிட்டால் கோழி சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த சேலம், நாமக்கல் பையன்களுக்கு இதைவிடப் பொருத்தமான ப்ராஜெக்ட் இல்லை. ஓடும் எல்இடி விளக்கு செய்து சொதப்பினால் போவது ஒரு 555 ஐசி. இங்கே சொதப்பினால் முப்பது உயிர்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் கருவிகளில் மிகப் பழையவற்றில் ஒன்றே கோழிக்குஞ்சுக்காகச் செய்ததுதான். 1620 வாக்கில் இங்கிலாந்தில் இருந்த கார்னெலிஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர், பாதரசம் விரிந்து ஏறினால் அடுப்பின் காற்று வழி அடைபடும்படி ஒரு இன்குபேட்டர் செய்தார். ஐசி இல்லை, கரண்ட்டே இல்லை!

இன்று வேலை ரொம்பச் சுலபம். ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு 40 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன், டபிள்யூ 1209 என்ற குட்டி தெர்மோஸ்டாட் போர்டு. (எல்இடி பல்பு போட்டுவிட்டு சூடே வரவில்லை என்று புலம்பக் கூடாது.) போர்டு ஆன்லைனில் நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும், இதற்காக ரிச்சி ஸ்ட்ரீட் வரை பஸ் ஏற வேண்டாம். ஃபேன் ஓடும் பெட்டிக்கு 37.5 டிகிரி. சென்சார் பல்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, முட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கிறதல்லவா, அது 99.5 ஃபாரன்ஹீட் காட்டினால் அதுதான் 37.5. இந்த இடத்தில் அதைவிட நல்ல மீட்டர் வேறு இல்லை.

இதுவரை எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ரிலே பற்றி. அந்த போர்டு வரும்போது அதன் ஏற்ற இறக்க இடைவெளி 2 டிகிரி. அதை மாற்றாவிட்டால் 35.5 வரை இறங்கிய பிறகுதான் பல்பு எரியும். சரி என்று 0.1 வைத்தால் ரிலே ஓயாமல் டிக் டிக் என்று அடிக்கும். குளிர்ந்த பல்பு இழை எரிய ஆரம்பிக்கும் கணத்தில், வழக்கத்தைப் போலப் பத்து மடங்கு வரை கரண்ட் இழுக்கும். தினம் ஆயிரம் தடவை இப்படி அடித்தால் ஒரு நாள் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு பல்பு அணையவே அணையாது. காலையில் திறந்தால் உள்ளே இருப்பது அவித்த முட்டை. 0.3 அல்லது 0.5 போதும். அதோடு 38.5-ல் துண்டிக்கும்படி இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றைத் தொடராக இணைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எல்லோரும் பயப்படுவது கரண்ட் கட்டுக்கு. 2012-ல் தமிழ்நாடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் பயப்படாமல் இருக்க முடியாதுதான். ஆனால் அடைக்கோழியைக் கவனித்தால் தெரியும், அது தினமும் ஒரு தடவை எழுந்து இரை எடுக்கப் போகிறது. அந்த நேரம் முட்டை ஆறத்தான் செய்கிறது. அரை மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், 40 டிகிரிக்கு மேல் போகும் சூட்டைத்தான் தாங்காது. யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் மொத்தம் 84 வாட்-ஹவர். இன்வெர்ட்டர் வழியாக ஒரு 40 வாட் பல்பு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே எரியும். நடுவில் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் இன்னும் கூடவே வரும். அது தாராளம்.

இந்த ஊருக்கு நிஜ எதிரி சித்திரை வெயில். சேலத்தில் மதியம் 39, 40 அடிக்கும்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பெட்டி இருந்தால் தெர்மோஸ்டாட் பல்பை அணைக்கும், அவ்வளவுதான். குளிரவைக்க அதற்குத் தெரியாது. கடைசி வாரத்தில் கருவே சூட்டை வெளியிடும். அதனால் கோடையில் பெட்டிக்கு இடம் ஓட்டு வீட்டின் நடு அறை, காற்றுத் துளைகள் திறந்தபடி.

18-ம் நாள் வரை தினம் மூன்று தடவையாவது முட்டையைத் திருப்ப வேண்டும், கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திக் கால் மாதிரி ரத்த நரம்பு தெரியும். தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடலாம். 18-க்குப் பிறகு திருப்பக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கி ஈரப்பதத்தைக் கூட்டி மூடிவிட வேண்டும். உள்ளே 'கீச்' சத்தம் கேட்டதும் திறந்து பார்க்கத் துடிப்பார்கள் :) திறந்தால் ஈரம் போய் ஓட்டுக்குள் இருக்கும் தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்த குஞ்சுக்கு ஒரு நாள் வரை தீனியும் தேவையில்லை, வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும்.

இறகு உலர்ந்ததும் அகலமான அட்டைப்பெட்டி ஒன்றுக்கு மாற்றி, அதே பல்பு, அதே போர்டு. எண்ணை மட்டும் 35-க்கு இறக்கி, வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும்.